ஒரு 'எ' விட்டுப்போனால் அனுபவமே போச்சு

வேலைக்கு மனு எழுதும்போது 'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்று நம் பிள்ளைகள் எழுதுவதுண்டு. கொஞ்சம் அனுபவம் இருக்கிறது என்று சொல்வதாக நினைப்பு. படிக்கும் முதலாளிக்கோ அனுபவம் ஏறக்குறைய இல்லை என்றே பொருள்படும். 'எ லிட்டில்' என்று எழுதியிருக்க வேண்டும். 'ஃபியூ', 'எ ஃபியூ' கதையும் இதேதான்.

'மெனி', 'மச்' தடுமாற்றத்துக்கும் காரணம் உண்டு. நிறைய பேர், நிறைய தண்ணீர் என்று தமிழில் ஒரே சொல் போதும். மலாயின் 'பன்யாக்'கும் அப்படியே. ஆனால் கேள்வி கேட்கும்போது நாமும் பிரிக்கிறோமே! 'எத்தனை' முட்டை என்றால் 'மெனி'. 'எவ்வளவு' அரிசி என்றால் 'மச்'. பணத்தை எண்ணுகிறோமே என்கிறீர்களா? எண்ணுவது ரிங்கிட்டை. அதனால் 'மெனி ரிங்கிட்', 'மச் மணி'.

சில சொற்களிடம் இந்தச் சோதனை தோற்றுவிடும். தமிழில் 'எத்தனை தகவல்கள்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்' எண்ண முடியாத சொல். 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' ஆகியவையும் அப்படியே. கடைசியில் 'எஸ்' சேர்க்கக் கூடாது. 'ஃபர்னிச்சர்ஸ்' என்ற கடைப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதுதான் சிரமம்; மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.