விடுமுறை முகாமும் மறுமணக் குடும்பமும்: சிறார் புதினங்கள் இரண்டை முன்வைத்து

முன்னுரை

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறார்க்கென எழுதப்படும் புதினங்களில் நட்பு, விடுமுறை முகாம், பெற்றோரின் மணமுறிவு ஆகியவை ஒருங்கே இடம்பெறுவதைக் காணலாம். இப்போக்கிற்கு முன்னோடியாக அமைந்தது ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட 'இரட்டை லோட்டே' என்னும் புதினம். அதனை ஆங்கில எழுத்தாளர் ஜாக்குலின் வில்சனின் 'பெட்டிக் குழந்தை' (1992) என்னும் புதினத்தோடு ஒப்பிட்டு, பிரிந்த குடும்பத்துக் குழந்தைக்கு இக்கதைகள் எத்தகைய நம்பிக்கையை அளிக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் குறித்து

முன்மணத்தில் பிறந்த குழந்தைகளுடன் பெற்றோர் மறுமணம் செய்து அமைக்கும் குடும்பத்திற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'கலப்புக் குடும்பம்' என்றால் கலப்பு மணம் நினைவுக்கு வரும். எனவே 'மறுமணக் குடும்பம்' என்னும் தொடரே இங்கு ஆளப்படுகிறது. 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்னும் வழக்கு ஓரவஞ்சனையைச் சுட்ட இன்றும் பயன்படுகிறது. ஒரு குழந்தை தன் வீட்டுக்கு வரும் புதிய தாயைச் சந்திக்கும் முன்பே மொழி அவளைப் பற்றித் தீர்ப்பு வழங்கிவிடுகிறது என்பதை இதனால் அறியலாம்.

முகாம் என்னும் களம்

கெஸ்ட்னரின் கதை, ஏரிக்கரையில் அமைந்த சிறுமியர் விடுமுறை இல்லத்தில் தொடங்குகிறது. வியன்னாவிலிருந்து வரும் லூயிசேயும் மியூனிக்கிலிருந்து வரும் லோட்டேயும் ஒன்பது வயதினர், உருவத்தில் ஒத்தவர். தன்னைப் போன்றே ஒருத்தி இருப்பதைக் கண்டு லூயிசே முதலில் சினம் கொள்கிறாள். பின்னர் இருவரும் தோழியராகின்றனர். பிறந்த நாளும் ஊரும் ஒன்றாயிருப்பதை அறிந்த பின்னரே தாம் இரட்டையர் என்பது அவர்களுக்குப் புலனாகிறது. உறவை அறியும் முன்பே நட்பு வேரூன்றிவிட்டது என்பது கருதத்தக்கது.

முகாம் இங்கு வெறும் பின்புலமன்று. பெற்றோர் எவரும் இல்லாத இடமாதலால், வீட்டில் மறைக்கப்பட்ட உண்மை அங்குதான் வெளிப்பட இயலும். வீட்டில் கேட்கவியலாத வினாக்களைக் குழந்தைகள் அங்கு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். பின்னர் இருவரும் இடம் மாறிப் பிறர் வீட்டில் வாழும்போது, தாம் அறியாத பெற்றோரையும் மற்றவளின் அன்றாடச் சுமையையும் உணர்கின்றனர். பணிபுரியும் தாய்க்குத் துணையாக லோட்டே வழக்கமாகச் சமைத்து வந்தாள் என்பதை லூயிசே அடுக்களையில் தடுமாறும்போதுதான் உணர்கிறாள்.

மறுமணம் குறித்த அச்சம்

இசைநடத்துநரான தந்தை, இரேனே கெர்லாக் என்பவரை மணக்க எண்ணுகிறார். லூயிசேயின் இடத்தில் இருக்கும் லோட்டே அப்பெண்ணைத் தனியே சந்தித்து, இம்மணம் கூடாது என்கிறாள். பின்னர்க் கடுங்காய்ச்சலில் விழுகிறாள். இறுதியில் இரட்டையர் தம் பத்தாம் பிறந்தநாளில் ஒன்றாக வாழ்வதையே பரிசாக வேண்ட, பெற்றோர் மீண்டும் மணந்துகொள்கின்றனர்.

மணமுறிவைச் சிறார்க்குச் சொல்லலாமா என்னும் பெரியோரின் தயக்கத்திற்குக் கெஸ்ட்னர் கதையினூடே விடை தருகிறார். பெற்றோர் பிரிந்ததால் துன்புறும் குழந்தைகளும் உண்டு; பிரியாததால் துன்புறும் குழந்தைகளும் உண்டு; அவர்கள் படும் துன்பத்தை அவர்களிடமே பேசாதிருப்பது முறையன்று என்பது அவர் கருத்து. எனினும் கதையின் முடிவு இத்துணிவுக்கு ஈடுகொடுக்கவில்லை. கெர்லாக்கின் பக்கத்து நியாயம் ஆராயப்படவில்லை. அவர் விலக்கப்பட வேண்டிய தடையாகவே நிற்கிறார்.

இக்கதையைத் தழுவி 1961-இல் டிஸ்னி நிறுவனத்தின் திரைப்படம் வெளிவந்தது. அதன் வழியே தமிழில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், குட்டி பத்மினி இரட்டை வேடமேற்ற 'குழந்தையும் தெய்வமும்' (1965) உருவாயிற்று. அதில் கணவன் மனைவியைப் பிரிப்பவர் மனைவியின் தாயாவார். குடும்பம் மீண்டும் இணைவதே மங்கல முடிவு என்பது மூன்று வடிவங்களுக்கும் பொதுவாக உள்ளது.

இணையாத பெற்றோர்

வில்சனின் புதினத்தில் பத்து வயது ஆண்ட்ரியா ஒரு வாரம் தாயிடமும் மறுவாரம் தந்தையிடமும் பெட்டியுடன் மாறி மாறி வாழ்கிறாள். இருவருக்கும் புதிய துணைகள் உண்டு. இரு வீடுகளிலும் மாற்றுடன்பிறப்புகள் உண்டு. பழைய வீடு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே அவள் விருப்பம், அது நிறைவேறுவதில்லை. ஆயினும் தாயின் புதிய கணவருடைய மகன் கிரகாமுடன் மெல்ல நட்பு மலர்கிறது. கெஸ்ட்னரிடம் நட்பு பழைய குடும்பத்தை மீட்கும் கருவியாகிறது. வில்சனிடம் அது புதிய குடும்பத்தில் வாழ்வதற்கான வழியாகிறது.

முடிவுரை

பிரிந்த பெற்றோர் பெரும்பாலும் மீண்டும் இணைவதில்லை. ஆதலால் இணைப்பையே முடிவாகக் காட்டும் கதை, தான் இன்னும் முயன்றிருந்தால் பெற்றோரைச் சேர்த்திருக்கலாமோ என்னும் குற்றவுணர்வைப் படிக்கும் குழந்தையிடம் விதைக்கக்கூடும். இணையாமையை ஏற்றுக்கொண்டு அதற்குள் தோழமையைக் காட்டும் கதை அச்சுமையை இறக்கிவைக்கிறது. மணமுறிவைச் சிறார் இலக்கியத்தின் பேசுபொருளாக்கிய சிறப்பு கெஸ்ட்னருக்கு உரியது. மாற்றாந்தாயையும் மாற்றுடன்பிறப்பையும் மனிதராகப் படைக்கும் பணி தமிழ்ச் சிறார் எழுத்தாளர்க்கு முன்னும் உள்ளது.