சுர்ர்ருனு இழுக்குதா கீசர்?

ட்ரிபிள் ஈ-யில் சீட் கிடைத்த அன்றைக்கே நம்ம தலையெழுத்து முடிவாகிடும் பாஸ். அதுக்கப்புறம் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் காபி டம்ளர் வருவதற்கு முன்னாடி டெஸ்டர் வந்துடும். ‘கரன்ட்டுக்குத்தானே படிக்கிற... இந்த ஃபேன் ஏன் மெதுவா சுத்துதுன்னு பாரேன்!’ மூணு வருஷமா டிரான்ஸ்ஃபார்மருக்குப் படம் போட்டுக்கிட்டு இருக்கோம், பாத்ரூம் கீசரை யாருமே போர்டில் வரைந்து காட்டலைன்னு சொன்னா நம்பவா போறாங்க?

ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து தை முடிகிற வரை இந்தத் தொல்லை ரொம்ப ஜாஸ்தி. காரணம், கீசர். எட்டு மாசம் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துட்டு, குளிர் ஆரம்பிச்ச முதல் நாளே மக்கர் பண்ணும். மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாளில் நாமே எவ்வளவு தூரம் பார்க்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துடணும்? பி.காம் மக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், ஓடிடாதீங்க!

மெயின் ஆஃப்... அப்புறம்தான் மத்ததெல்லாம்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் மெயின் ஸ்விட்ச் கீழே இறங்கியிருக்கணும். கீசர் ஸ்விட்ச்சை மட்டும் ஆஃப் பண்ணினா போதாதான்னு கேட்பீங்க. போதாது. ஸ்விட்ச் இருக்க வேண்டியது ஃபேஸ் லைனில். அவசரத்தில் வயரிங் பண்ணின வீடுகளில் அது நியூட்ரலில் உட்கார்ந்திருக்கும். அப்போ ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணினா கீசர் நிற்கும், ஆனா உள்ளே 230 வோல்ட் அப்படியே நம்மளை எதிர்பார்த்துக் காத்துக்கிட்டு இருக்கும்.

டெஸ்டரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. கரன்ட் இருக்குன்னு தெரிஞ்ச ஒரு பாயின்ட்டில் முதலில் வெச்சுப் பாருங்க. எரியுதா? அதுக்கப்புறம்தான் அது ‘இல்லை’ன்னு சொல்றதை நம்பலாம். செத்துப்போன டெஸ்டரும் ‘கரன்ட் இல்லை’ன்னுதான் சொல்லும்.

இன்னொரு கூத்தும் உண்டு. ப்ளக் பாயின்ட்டில் ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், ஆனா எதுவுமே ஓடாது. ‘டபுள் கரன்ட் வருது’ன்னு பக்கத்து வீட்டு அங்கிள் பீதியைக் கிளப்புவார். விஷயம் சிம்பிள்: எங்கேயோ நியூட்ரல் கட் ஆகியிருக்கு. ஆன்ல இருக்கிற பல்பு, ஃபேன் வழியா ஃபேஸ் சுத்திக்கிட்டு நியூட்ரல் பக்கம் வந்து எட்டிப் பார்க்குது. எல்லா ஸ்விட்ச்சையும் ஆஃப் பண்ணி, எல்லா ப்ளக்கையும் உருவிட்டுப் பாருங்க, அந்த ரெண்டாவது வெளிச்சம் காணாமப் போயிடும்.

தண்ணி சூடாகலையா?

வீட்டில் இருக்கிற டாங்க் கீசர் பெரும்பாலும் 2,000 வாட்ஸ். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்ஸ் இழுக்கும். அதனால்தான் அதுக்குப் பெரிய ப்ளக். 25 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் அரை மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் ஆகுதுன்னா கீசரைத் திட்டுறதுக்கு முன்னாடி வோல்டேஜைப் பாருங்க. 180 வோல்ட்தான் வருதுன்னா பவர் அறுபது சதவிகிதத்துக்கு இறங்கிடும், அரை மணி ஐம்பது நிமிஷம் ஆகும்.

பவர் லைட்டே எரியலைன்னா முதலில் ப்ளக்கைப் பிடுங்கி அதோட முகத்தைப் பாருங்க. பின் கறுத்திருந்தா, சாக்கெட் உருகியிருந்தா, உள்ளே லூஸ் கான்டாக்ட். அங்கே அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே 38 வாட்ஸ் சூடு. நம்ம லேப்பில் சால்டரிங் பண்ற அயர்ன் 25 வாட்ஸ்தான்! மணல்காகிதம் போட்டுத் தேய்ச்சு மறுபடி சொருகாதீங்க. ப்ளக், சாக்கெட் ரெண்டையும் மாத்தணும்.

லைட் எரியுது, தண்ணி மட்டும் பச்சைத் தண்ணியாவே வருதுன்னா மூணு பேர் மேல சந்தேகம்: தெர்மோஸ்டாட், தெர்மல் கட்-அவுட், எலிமென்ட். மெயினை இறக்கி, கீசர் கவரைக் கழற்றினா பல மாடல்களில் கட்-அவுட்டில் ஒரு குட்டி ரீசெட் பட்டன் தெரியும். ஒரு தடவை அமுக்கலாம். மறுபடி மறுபடி விழுதுன்னா தெர்மோஸ்டாட் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலைன்னு அர்த்தம். எலிமென்ட்டை செக் பண்ண அதன் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைங்க. 2,000 வாட்ஸ் எலிமென்ட்னா 26 ஓம் பக்கத்தில் காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா எலிமென்ட் அவுட்.

இங்கே சில மெக்கானிக் அண்ணன்கள் மேல எனக்கு செம கோபம். கட்-அவுட் அடிக்கடி விழுதுன்னு சொன்னா, அதைத் தூக்கிட்டு ரெண்டு வயரையும் நேரா முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துட்டுப் போயிடறாங்க. கீசர் ஜம்முனு வேலை செய்யும்தான். ஆனா தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும், மூடின டாங்க்கில் பிரஷர் ஏறிக்கிட்டே போகும். அதை வெளியே விடுறதுக்குத்தான் ஒரு சின்ன வால்வு வெச்சிருக்காங்க. தண்ணி சூடாகும்போது அதில் சொட்டுச் சொட்டா வடியும். அது லீக் இல்லை, அதோட டியூட்டி. நம்ம வீட்டுப் பெரியவங்க அதையும் எம்-சீல் போட்டு அடைச்சிருப்பாங்க. கட்-அவுட்டும் இல்லை, வால்வும் அடைப்புன்னா, தலைக்கு மேல தொங்குறது கீசர் இல்லை, குண்டு.

செருப்பு போட்டுக் குளிக்கிற அத்தை

போன மார்கழியில் திருச்சியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். குளிக்கப் போகும்போது அத்தை ரொம்ப சாதாரணமா, ‘ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிடா, குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்கும்’ன்னாங்க. ‘எத்தனை நாளா அத்தை?’ன்னா, ‘அது போன வருஷத்துல இருந்தே அப்படித்தான்’. வீட்டில் ஆறு வயசுப் பாப்பா வேற. அது செருப்பை உதறிட்டு ஓடுற வாலு.

குளியலை கேன்சல் பண்ணிட்டு மெயினை இறக்கி, மாமாவோட டெஸ்டரால் ரெண்டு தடவை பார்த்துட்டு, கீசர் சாக்கெட்டைக் கழற்றினேன். மூணு ஓட்டை சாக்கெட்தான். ஆனா மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! வெறும் ஸ்க்ரூ. எர்த் பின் அங்கே சும்மா அழகுக்கு நுழைஞ்சு உட்கார்ந்திருக்கு. மேல போர்டைப் பார்த்தா பழைய காலத்து ஃபியூஸ் கட்டை, அதில் ஃபியூஸ் வயருக்குப் பதிலா மூணு இழை காப்பர் வயர்.

அப்புறம் கீசரைக் கழற்றி எலிமென்ட் முனைக்கும் டாங்க் பாடிக்கும் நடுவில் மீட்டர் வெச்சா, ஒண்ணுமே காட்டக் கூடாத இடத்தில் சில ஆயிரம் ஓம் காட்டுது. போர்வெல் உப்புத் தண்ணி. எலிமென்ட் மேல உப்புப் பாறை மாதிரி படிஞ்சு, சூடு வெளியே போக முடியாம உறை வெடிச்சு, கரன்ட் தண்ணிக்குள்ள கசியுது. எர்த் இருந்திருந்தா அந்தக் கசிவு அது வழியா மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் அத்தை வழியா போய்க்கிட்டு இருந்தது. ஒரு வருஷமா.

நான் செஞ்சது அவ்வளவுதான். கீசர் ப்ளக்கை உருவி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். எர்த் குழி, புது வயர், 30 மில்லி ஆம்ஸ் ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டார். பழைய கீசரை மாட்டி ஆன் பண்ணின உடனே ஆர்.சி.சி.பி. டப்புன்னு விழுந்தது. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நல்லா ஓடிக்கிட்டு இருந்த கீசரைப் பையன் வந்து கெடுத்துட்டான்!’ புது எலிமென்ட் போட்டப்புறமும் இன்னும் அதே பேச்சுதான்.

எந்த லீவர் விழுந்தது?

போர்டில் விழுகிற லீவரே பாதி நோயைச் சொல்லிடும். எம்.சி.பி. விழுந்தா ஓவர்லோடு அல்லது ஷார்ட். போட்ட உடனே விழுந்தா ஷார்ட், பத்து நிமிஷம் கழிச்சு விழுந்தா ஓவர்லோடு. ‘டெஸ்ட்’ பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தா லீக்கேஜ். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏத்துங்க. அப்புறம் ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே வாங்க. எதைத் தொட்டதும் விழுதோ அந்த லைன்தான் வில்லன். எல்லாம் இறக்கியும் நிக்கலைன்னா ப்ளக் எல்லாத்தையும் உருவிப் பாருங்க. சாதா எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கிட்டு இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழலாம். அப்பவும் விழுந்தா எலெக்ட்ரீஷியன்தான். ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல்னு பிடிச்சா ஆர்.சி.சி.பி.க்கு நீங்களும் ஒரு பல்புதான். அது விழாது.

வீட்டில் சில பல்பு பிரகாசமா, சில பல்பு மங்கலா எரிஞ்சா எதையும் ஆராய வேணாம். த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் போச்சுன்னா ஒரு லைனில் 400 வோல்ட் வரைக்கும் கூட ஏறலாம், ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாம் காலி. மெயினை இறக்கிட்டு மின்னகம் 94987 94987-க்கு போன் போடுங்க. மீட்டர், சீல், கம்பம் இதெல்லாம் நம்ம ஏரியா இல்லை.

ஹாஸ்டல் விஞ்ஞானிகளுக்கு...

வார்டன் கண்ணில் படாமல் வாட்டர் ஹீட்டர் ராடு வெச்சிருக்கிற மாம்ஸ்களே, 1,500 வாட்ஸ் ராடு 6.5 ஆம்ஸ் இழுக்கும். ரூமில் இருக்கிற சின்ன ப்ளக்கோட கெபாசிட்டி 6. அதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, அதிலேயே லேப்டாப்பும் போட்டா வயர் பொசுங்காம என்ன செய்யும்? பேனா மூடியை எர்த் ஓட்டையில் விட்டு டூ பின்னைச் சொருகுறது, ப்ளக் இல்லாம வெறும் வயரைத் தீக்குச்சி வெச்சு நிறுத்துறது, ரெண்டு பிளேடுக்கு நடுவில் குச்சி கட்டி ஹீட்டர் செய்றது... எல்லா ஹாஸ்டலிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. எர்த் பின் மட்டும் ஏன் நீளமா இருக்கு? மத்த ரெண்டுக்கும் முன்னாடி உள்ளே போகணும், எல்லாத்துக்கும் கடைசியா வெளியே வரணும்னுதான்.

ராடு தண்ணிக்குள்ள போனப்புறம் ஸ்விட்ச். ஸ்விட்ச் ஆஃப், ப்ளக் வெளியே, அப்புறம்தான் விரல். பிளாஸ்டிக் வாளி மட்டும். பத்து லிட்டர் இளஞ்சூடாக பத்து நிமிஷம்கூட ஆகாது. அதுக்குள்ள போய் தூங்கிடாதீங்க.

யாராவது கரன்ட்டில் ஒட்டிக்கிட்டா ஓடிப்போய் கையைப் பிடிச்சு இழுக்கத்தான் தோணும். இழுத்தா ரெண்டு பேர். மெயினை இறக்குங்க. முடியலைன்னா உலர்ந்த மரக்கட்டையால் தள்ளி விட்டுட்டு, 108-க்கு போன் பண்ணுங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சில் அமுக்குறதை உடனே ஆரம்பிக்கணும். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே, அதேதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போறவங்க ஆர்.சி.சி.பி.யில் இருக்கிற ‘டெஸ்ட்’ பட்டனை அமுக்கிப் பாருங்க. விழலைன்னா மாத்தணும். அம்மா மிக்ஸியில் மாவு அரைச்சுக்கிட்டு இருக்கும்போதோ, அப்பா கிரிக்கெட் பார்க்கும்போதோ மட்டும் அமுக்கிடாதீங்க!