சாகேக்கு எந்த நாட்டுச் சாப்பாடு பொருந்தும்?

சாகே என்றதும் பலருக்கு சூஷியும் பச்சை மீனும்தான் நினைவுக்கு வரும். அந்த ஜப்பானிய அரிசி மதுவை அந்தத் தட்டோடு நிறுத்திவிடுவது அநியாயம். இத்தாலிய சீஸுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் சிப்பிக்கும் அது அவ்வளவு நன்றாகச் சேர்கிறது. காரணம், அது உருவாகும் விதத்தில் இருக்கிறது.

ஆவியில் வெந்த அரிசியின் மேல் கோஜி என்ற பூஞ்சையை வளர்ப்பார்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். கோஜி புரதத்தையும் உடைப்பதால் அமினோ அமிலங்கள் நிறையச் சேர்கின்றன. அவற்றில் ஒன்று குளுட்டாமிக் அமிலம். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேதா அதைக் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். ஒயினோடு ஒப்பிட்டால் சாகேயில் இந்த அமிலம் மிக அதிகம். புளிப்பு மிகக் குறைவு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இந்த அமிலத்தின் வடிவமான குளுட்டாமேட்டும், மீனிலும் இறைச்சியிலும் உள்ள இனோசினேட்டும் நாக்கில் சந்தித்தால் ருசி பல மடங்காகிறது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யும் ஜப்பானியக் கட்சுவோபுஷியில் இனோசினேட் நிறைய உண்டு. இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாடும் அதே வகை மீனில் செய்ததுதான். அந்த ருசி தெரிந்தவருக்கு உமாமியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடல் உணவில்தான் சாகே உண்மையில் ஜெயிக்கிறது. சில ஒயின்களைக் குடித்துக்கொண்டே மீனோ சிப்பியோ சாப்பிட்டால் வாயில் ஒரு கவிச்சை தங்கிவிடும். 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று, உலர்ந்த ஸ்காலப் சிப்பியோடு பல ஒயின்களைச் சுவைத்துப் பார்த்து, ஒயினில் உள்ள இரும்புதான் அதற்கு முக்கியக் காரணம் என்று காட்டியது. சாகே காய்ச்சுபவர்களுக்கோ இரும்பு ஆகவே ஆகாது. நிறமும் மணமும் கெட்டுவிடும் என்று இரும்பு மிகமிகக் குறைந்த நீரையே தேடிப்பிடிப்பார்கள். ஜப்பானின் நாடா பகுதியின் மியாமிசு ஊற்றுநீர் பெயர் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: சிப்பி வகைகளுக்குத் தனி ருசி தரும் சக்சினிக் அமிலம் சாகேயிலும் இருக்கிறது. பச்சைச் சிப்பிக்கு, ஆல்கஹால் தனியாகச் சேர்க்காத ஜுன்மாய் வகை சாகே, குளிரவைத்தது, ஒரு கிண்ணம் போதும். எலுமிச்சை பிழியக்கூடத் தோன்றாது.

சீஸில் பார்மிசான் முதலிடம். அதிலேயே குளுட்டாமேட் குவிந்திருப்பதால் இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. ரோக்ஃபோர் போன்ற உப்பு தூக்கலான நீலப் பூஞ்சை சீஸுக்கு இனிப்பு வேண்டும். தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதிலாக சாகேயையே ஊற்றிக் காய்ச்சும் கிஜோஷு அதற்குச் சரி.

கொழுப்புள்ள ஆட்டிறைச்சி, வெண்ணெயில் வதக்கிய காளான் போன்றவற்றுக்கு, பழ வாசனைக்காக அரிசியைப் பாதி வரை தீட்டிச் செய்யும் விலை உயர்ந்த தாய்கிஞ்ஜோவை வாங்காதீர்கள். அந்த வாசனை வறுவல் மணத்தில் காணாமல் போய்விடும். லாக்டிக் அமிலம் மிகுந்த கிமோட்டோ, யமஹாய் வகைகளை எடுங்கள். குடுவையைச் சுடுநீரில் நிறுத்தி 45 டிகிரி வரை சூடாக்கினால் அந்தப் புளிப்பு மிருதுவாகி, கொழுப்பை வாயிலிருந்து கழுவிவிடும். இந்த வெப்பத்துக்கு ஜோகான் என்று ஜப்பானியர் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

சேராத இடங்களும் உண்டு. எலுமிச்சையில் ஊறிய பெரு நாட்டு செவிச்சேயின் முன் சாதாரண சாகே வெறும் தண்ணீராகிவிடும். சிச்சுவான் மாப்போ தோஃபு போன்ற காரத்துக்குத் தண்ணீர் கலக்காத கென்ஷு வேண்டாம். அதில் ஆல்கஹால் 18 சதவீதத்தைத் தாண்டலாம், எரிச்சல்தான் ஏறும். அரிசித் துகள் மிதக்கும், கொஞ்சம் இனிப்பான நிகோரி அங்கே நாக்கை ஆற்றும்.

முதன்முறை முயல்பவர் ஒரே ஒரு ஜுன்மாய் பாட்டிலும் கைப்பிடி பார்மிசானும் வாங்கி, சாகேயில் பாதியைக் குளிராகவும் பாதியைச் சூடாகவும் ருசித்துப் பாருங்கள். இரண்டு வேறு மதுக்கள் என்றே தோன்றும்.