தீவின் வழக்கைத் தீவிலேயே படிக்கட்டும்

போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) 2016இல் தொடங்கப்பட்ட அந்தமான் சட்டக் கல்லூரியால், தீவுப் பிள்ளைகள் கடல் தாண்டாமலே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு படிக்க முடிகிறது. பெரிய காரியம்தான். ஆனால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைவில் பிறந்த கல்லூரி அது. அதன் பாடத்திட்டம் கடலுக்கு அக்கரையில் வகுக்கப்பட்டது. அப்படியானால் தீவுக்கே உரிய சட்டங்களை மாணவர் எப்படி ஆழமாகக் கற்பார்?

அவை சிறிய விஷயங்கள் அல்ல. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, பழங்குடிக் காப்பகங்களுக்குள் வெளியார் அனுமதியின்றி நுழைய முடியாது. நிக்கோபாரில் நிலம் வழிவழியாகத் 'துஹேத்' என்னும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. தனியார் பத்திரங்களை மட்டும் வைத்துச் சொத்துரிமை படித்தவர் அங்கே திகைத்துத்தான் நிற்பார்.

வகுப்பறையில் இவற்றை விரிவுரையாகக் கொட்டினால் பயனில்லை. அந்தமான் நெடுஞ்சாலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாரவா பழங்குடிக் காப்பகத்தின் வழியே செல்லும் பகுதியை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குப் பிறகும் வாகனங்கள் ஓடின. வடக்கே மாயாபந்தர், டிக்லிப்பூர் மக்களுக்கு அந்தச் சாலை தேவை. ஜாரவாக்களுக்கோ அது ஆபத்து. மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை நிர்வாகத்துக்கும் ஒரு குழுவைப் பயணிகளுக்கும் வாதாடச் சொல்லலாம். ஜாரவாக்களுக்காகப் பேசுவது யார், எந்த உரிமையில் பேசுவது? இந்தக் கேள்வியை மாணவர் தாமே எதிர்கொள்ளும்போது அரசமைப்புச் சட்டம் உயிர் பெறும்.

விதிகளிலும் இதற்கு இடமுண்டு. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் மாதிரி நீதிமன்றத்தையும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரப் பயிற்சியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. பல இடங்களில் இது பதிவேடு நிரப்பும் சடங்காகிவிட்டது என்பதுதான் வருத்தம். போர்ட் பிளேரிலேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு கூடுகிறது. மாணவர் அங்கே உட்கார்ந்து, கேட்ட வாதத்தை எழுதி, ஆசிரியரோடு விவாதித்தால் அந்த வாரங்களுக்குப் பொருள் இருக்கும்.

அடுத்தது சட்ட உதவி மையம். 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 270 கி.மீ. தொலைவில் உள்ள கார் நிக்கோபாரில் இருப்பவர் அதைத் தேடி வருவது எளிதல்ல. மூத்த வழக்குரைஞரோடும் மொழிபெயர்ப்பாளரோடும் மாணவர்கள் அங்கே செல்லக் கப்பலேற வேண்டும். அந்தப் பணிக்கு மதிப்பெண்ணும் தர வேண்டும்.

பாடக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: தீவு வழக்குரைஞர் ஒருவரையும் நிக்கோபார் பழங்குடி மன்றப் பிரதிநிதி ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள், தீவுச் சட்டத்தைத் தனித் தாளாக்குங்கள்.