எக்ஸ்சேஞ்ச் பேட்டரி போன பிறகு

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மேஜையில் இரண்டு போன்கள். ஒன்று பழைய லேண்ட்லைன். இணைப்பைத் துண்டித்துப் பல வருடமாகியும் அதன் வயரை அதன் கழுத்திலேயே சுற்றி ஓரமாக வைத்திருக்கிறார் முதலாளி. இன்னொன்று நெட்டில் பேசும் ஐ.பி. போன். “அது கரண்ட் இல்லாட்டியும் அடிக்கும் தம்பி. இது கரண்ட் போச்சுன்னா வெறும் பொம்மை” என்றார்.

லேண்ட்லைன் நம் வீட்டுக் கரண்ட்டை நம்பியதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசை கட்டி நின்ற பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட், பேச்சு வந்த அதே செம்புக் கம்பியிலேயே வந்துகொண்டிருந்தது. அங்கே கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். 2012-ல் சென்னையைத் தவிர்த்து மற்ற ஊர்களெல்லாம் நாளில் பாதி இருட்டில் கிடந்தபோதும், ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டதற்குக் காரணம் அதுதான். பிறகு ஃபைபர் வந்தது. கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், கரண்ட் வராது. எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரி, யாரும் சொல்லாமலே நம் தலையில் வந்து விழுந்தது.

பிரிட்டனில் செம்பு லைனில் ஓடும் பழைய போன் சேவையை 2027 ஜனவரிக்குள் மூடப்போகிறார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் கரண்ட் போன பிறகும் ஒரு மணி நேரமாவது அவசர எண்ணைக் கூப்பிட வழி செய்துதர வேண்டும் என்று தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் ஆஃப்காம் அமைப்பு அங்கே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில், வாடிக்கையாளர் கேட்டால் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று 2015-ல் விதி போட்டார்கள். இங்கே அது கடைக்காரர் பாடு.

போடியில் இந்தப் பாடு கொஞ்சம் கூடுதல். கடை போடியில், தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் மலைக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம். நடுவில் முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் போடிமெட்டு செக்போஸ்ட். இந்தப் பக்கம் தமிழ்நாட்டு மின்வாரியம், அந்தப் பக்கம் கேரள மின்வாரியம். மாதாந்திரப் பராமரிப்புக்கு இங்கே காலையில் கரண்ட்டை நிறுத்தும் நாள் வேறு, மழைக்காலத்தில் மரம் சாய்ந்து அங்கே லைன் அறும் நாள் வேறு. ஒரே போன் பேச்சின் இரண்டு முனையும் இரண்டு மாநிலத்துக் கரண்ட்டில் தொங்குகின்றன.

காய்க்கும் ஏலம் என்று பேர், அதை விற்கும் முறைக்கும் ஏலம் என்று பேர். விற்கும் ஏலம் இப்போது நெட்டில்தான் ஓடுகிறது. வாய்விட்டுக் கேட்ட ஏலத்தை ஸ்பைசஸ் போர்டு 2007-ல் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. 2021 முதல் கேரளத்துப் புத்தடியிலும் போடியிலும் இருக்கும் வியாபாரிகள் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்க முடிகிறது. ஏலக் கூடத்தின் கரண்ட்டை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது, “இன்னும் ஐம்பது கிலோ தரலாமா?” என்று ஸ்டோருக்குப் போட வேண்டிய போனை யார் பார்த்துக்கொள்வது?

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஃபைபர் மோடம் 12 வாட். ஆறு ஐ.பி. போன்களுக்கு லேன் கம்பியிலேயே கரண்ட் தரும் ஸ்விட்ச், போன்களையும் சேர்த்து 40 வாட். அழைப்புகளைப் போன்களுக்குப் பிரித்துவிடும் சின்ன ஐ.பி. பி.பி.எக்ஸ். பெட்டி 15 வாட். ஆக 70 வாட்டுக்குள் முடிந்துவிடும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் காகிதக் கணக்குக்கு 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பதையும், பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால் 1,100 கையில் நிற்கும். போனுக்கு மட்டும் என்றால் 15 மணி நேரம். அதே இன்வெர்ட்டரில் இரண்டு ஃபேன், கம்ப்யூட்டர், டியூப் லைட் எல்லாம் ஏறி 300 வாட் ஆனால் நாலு மணி நேரம்கூட நிற்காது. பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால், போனுக்குத் தனி வயர் இழுத்து அதைத் தனி இன்வெர்ட்டரில் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீசியனுக்கு ஒரு மதிய வேலை.

மோடத்துக்கு மட்டும் வாங்கும் கையடக்க மினி யு.பி.எஸ். பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டப்பாவில் 8,800 எம்.ஏ.எச். என்று பெரிதாக இருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லின் கணக்கு. 12 வோல்ட்டில் அவ்வளவு வராது. பெருக்கினால் 32 வாட்-மணி. மோடம் ஓடுவது இரண்டரை மணி நேரம் இருக்கலாம். மாதாந்திர மின்தடையில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே படுத்துவிடும்.

மலை மேல் ஸ்டோர்களில் வேறொரு சிக்கல். இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு. ஒரு பக்கம் யு.பி.எஸ். மோடு, மறுபக்கம் நார்மல். யு.பி.எஸ். மோடில் கரண்ட் போன நொடியே மாறிவிடும், பேச்சு அறாது. ஆனால் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினால் ‘கரண்ட் இல்லை’ என்று முடிவு கட்டிப் பேட்டரியை உறிய ஆரம்பிக்கும். மலையில் கோடியில் இருக்கும் வீட்டுக்கு சாயங்காலம் 160 வோல்ட் வருவது அதிசயமில்லை. பல்பு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரியும் தீர்ந்துகொண்டே இருக்கும். உண்மையில் கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது. நார்மலில் வைத்தால் குறைந்த வோல்டேஜைத் தாங்கும், ஆனால் மாறும்போது மோடம் அணைந்து எழும். போன் மறுபடி உயிர் பெற இரண்டு மூன்று நிமிடமாகும். ஸ்டோருக்கு நார்மலும் மோடத்துக்குத் தனியாக ஒரு மினி யு.பி.எஸ்.ஸும் போதும் என்பது என் கட்சி. அந்த மூன்று நிமிடத்தை அது தாண்டிவிடும்.

நம் பக்கம் எல்லாம் சரி செய்த பிறகும் போன் ஊமையாகலாம். வழியில் கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. மறுமுனையில், நெட் கொடுப்பவரின் அறைக்குத் தேவை. அது கேபிள் டி.வி. காலத்திலிருந்து ஓடும் பத்துக்குப் பத்து அறையாக இருக்கலாம். புது இணைப்பு எடுக்கும்போது எல்லோரும் ஸ்பீடு எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கேட்கிறார்கள். “அண்ணே, உங்க ரூம்ல கரண்ட் போனா எத்தனை மணி நேரம் ஓடும்?” என்று கேட்பவர் குறைவு. கேட்டால் பெரும்பாலும் நேர்மையாகவே பதில் வரும்.

கடைசிப் பிடிமானம் பேட்டரியே அல்ல. கடை எண் கிடைக்காவிட்டால் அழைப்பைச் செல்போனுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை, எண் கொடுத்த கம்பெனியின் சர்வரிலேயே போட்டுவைக்க வேண்டும். கடைக்குள் இருக்கும் பெட்டியில் போட்டால் பெட்டியோடு சேர்ந்து அதுவும் அணைந்துவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. செல்போன் டவரும் பேட்டரியில் நிற்பதுதான், மழை நீண்டால் அதுவும் விழும். ஆகையால் கடைக்கு ஒரு கம்பெனி சிம், ஸ்டோர் மேஸ்திரிக்கு வேறொரு கம்பெனி சிம்.

நம்ம முதலாளி இதையெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தார். மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு எதிர் டீக்கடையிலிருந்து தன் கடைக்கே போன் போட்டார். மணி அடித்தது. மூன்று மணி நேரம் கழித்துப் போட்டபோது அடிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், மோடத்தின் அடாப்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை, பக்கத்து பிளக்கில் இருந்தது. அதுவரை தாங்கியது மோடத்தோடு மாட்டியிருந்த மினி யு.பி.எஸ்.

“யாருடா செல்லு சார்ஜ் போட்டது?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.