பங்குனியில் புல் விதைத்தால் காசுதான் கருகும்!

தூத்துக்குடி: வீட்டு முன்பு பச்சைப்பசேல் என புல்தரை போட ஆசையா? வசந்தகாலத்தில் விதை தூவணும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே பனி விலகி மண் சூடேறும் நேரம் அது. நம்மூரில் பங்குனி, சித்திரை வெயிலுக்கு முளை வந்த வேகத்தில் கருகிவிடும். போதாக்குறைக்கு உப்பளப் பக்கம் போர் தண்ணீரும் கரிக்கும். இளம் முளைக்கு அது எமன். அதற்காக தாமிரபரணி குடிநீரைப் புல்லுக்குத் திறந்துவிடுவது ரொம்ப ஓவர்.

பேசாமல் ஐப்பசி வரை பொறுங்கள். வடகிழக்குப் பருவமழை மண்ணில் உள்ள உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். அப்போது விதைக்குப் பதில் அருகம்புல் தண்டுகளை வெட்டி, கணு மண்ணுக்குள் போகும்படி அரை அடிக்கு ஒன்றாக நடலாம். ஓரளவு உப்பைத் தாங்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். பிள்ளையாருக்கும் ரெண்டு பறித்துக்கொள்ளலாம். மழை இடைவெளி விட்டால் மட்டும், வேர் பிடிக்கும்வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளணும்.