நமது கரியும் அந்நிய உலையும்

அடுப்பிலிட்ட முழு அரிசியைவிட நொய் விரைவில் வேகும் என்பதை யாவரும் அறிவர். நிலக்கரியை வாயுவாக்கும் உலைக்கும் இவ்விதியே முற்றும் பொருந்துமென்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே என்பதை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

நிலக்கரியைச் சூடேற்றினால் ஆவிப்பொருள்கள் வெளியேறி, துவாரங்கள் நிறைந்த சுட்ட கரி எஞ்சும். அதன்மீது நீராவியும் கரியமில வாயுவும் பட்டு, எரியக்கூடிய வாயுக்கள் பிறக்கின்றன. உஷ்ணம் குறைவாயின் அவ்வாயுக்கள் துவாரங்களுள் ஊடுருவ அவகாசமுண்டு. ஆகவே துண்டு பெரிதாயினும் சிறிதாயினும் வேகத்தில் பேதம் அதிகமில்லை. உஷ்ணம் ஏறினாலோ, அவை உள்ளே எட்டுமுன் வெளிப்புறத்திலேயே செலவாகிவிடும். பெரிய துண்டின் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். அப்பொழுதே பொடியின் மேன்மை விளங்கும்.

சூடேற்றும் விதமும் அற்பமன்று. விரைவில் சூடேறிய கரி பெரும்பாலும் சுறுசுறுப்பாக வினைபுரியும். நெடுநேரம் கடும் உஷ்ணத்தில் கிடந்ததோ இறுகி மந்தமாகிவிடும்.

இதனாலேயே உலைகளும் வேறுபடுகின்றன. கரியை அடுக்காக இறக்கும் உலைக்கு ஏறத்தாழ 5 முதல் 50 மில்லிமீட்டர் துண்டுகள் வேண்டும். பொடியிட்டால் வாயு செல்லும் வழி அடைபடும். தூளைப் பறக்கவிட்டு எரிக்கும் உலைக்கோ 0.1 மில்லிமீட்டர் அளவான நுண்தூள் வேண்டும். அதன் கடும் உஷ்ணத்தில் சாம்பலும் உருகியோடும்.

நமது நிலக்கரியின் நிலைமை யாது? அதில் சாம்பல் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம். அதுவும் எளிதில் உருகாதது. பிற நாட்டுச் சாம்பல் குறைந்த கரிக்கென வகுத்த உலையை அப்படியே இங்கு நிறுவினால், சாம்பலை உருக்குவதிலேயே உஷ்ணம் விரயமாகும். இதனையுணர்ந்தே பாரத மிகுமின் நிறுவனத்தார் திருச்சிராப்பள்ளியில் 6.2 மெகாவாட் பரீட்சை நிலையமொன்றை அமைத்து, நம் நாட்டுக் கரியையே வாயுவாக்கிப் பார்த்தனர்.

2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் கரியை வாயுவாக்குவது சர்க்காரின் இலக்கு. இதற்கென 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரிசபை அங்கீகரித்தது. இது ஜனங்களின் பணம். சாட்சியை விசாரியாது தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை உலகம் ஒப்புமோ? ஒவ்வொரு சுரங்கத்துக் கரியையும், உலையில் அது அடையப்போகும் அதே வேகத்தில் சூடேற்றி, அதே அளவாக நொறுக்கி, நம் பரீட்சைசாலைகளிலேயே முதலில் சோதித்தல் வேண்டும். உலையை வாங்குவது அதன் பிறகே. கரிக்கு ஏற்ப உலையைத் தேடுவதே விவேகம். உலையை வாங்கிவிட்டுக் கரியை நொந்துகொள்வது விவேகமன்று.